அத்தைக்கு நல்ல செய்தி, எனக்குத் தலைவலி

முதலில் கொட்டாவி வரும். தூக்கமே இல்லாத நேரத்தில், நல்ல காலை வேளையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி. அப்புறம் எதிரே நிற்பவரின் முகத்தில் ஒரு பக்கம் காணாமல் போகும். பாப்பாரப்பட்டியில் ஓர் உரக்கடையில் பில் போடுவது என் வேலை. யூரியா கேட்டு வருகிறவர் பாதி முகத்தோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். மீதி முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில் பட்ட தகரம் மாதிரி ஒன்று மினுக்கும். நான் பில்லைக் கையில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே, பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே, என் மானம் போய்விடும்.

வலி வலது பொட்டில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும். அது உட்கார்ந்ததும் வயிறு எழுந்துகொள்ளும். காலையில் தின்ற இட்லி மதியம் வரை செரிக்காமல் அப்படியே இருக்கும், அது வெளியே வரும். அடுத்து மஞ்சளாகப் பித்தம் வரும். அதற்கப்புறம் எடுக்க ஒன்றுமே இருக்காது, ஆனாலும் வயிறு விடாது, பிழிந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் அதுவும் ஆகாது. மறுநாள் தலை தெளிந்தால் வயிற்றுப்போக்கு. அதற்கும் மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் பசிக்கும். என்ன பிழைப்பு இது!

தலை வலிப்பதால் வாந்தி வருகிறதா, வயிறு கெட்டதால் தலை வலிக்கிறதா? இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்து எனக்கு நானே கேட்டு மண்டை காய்ந்து போயிருக்கிறேன். பட்டினி கிடந்தால் தலை வலிக்கிறது, அப்படியானால் வயிறுதான் காரணம். ஆனால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாலும் வலிக்கிறது, அப்படியானால் தலைதான். சில சமயம் நன்றாக வாந்தி எடுத்ததும் வலி குறைகிறது, அப்போது மறுபடி வயிறு. தர்மபுரியில் என் அம்மா இதற்குக் கண்தான் காரணம் என்று முடிவு கட்டிக் கண்ணாடி வாங்கி மாட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணமாகிப் பாப்பாரப்பட்டிக்கு வந்த பிறகு இந்தக் குழப்பம் என்னோடு நிற்கவில்லை. ஒரு வீட்டையே பிடித்துக்கொண்டது.

என் மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்குப் புளி வியாபாரம். தோட்டங்களில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். மாசி, பங்குனியில் எங்கள் வாசல் தகரக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு நீக்கி, சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். டொக், டொக், டொக். நாள் முழுக்க. வலி வந்த அன்றைக்கு அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து கொட்டை எடுப்பது போல இருக்கும்.

கல்யாணமான இரண்டாம் மாதம், அப்படி ஒரு நாள். கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டேன். குமட்டல் தாங்கவில்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, புளிப்பாக எதையாவது நாக்கில் வைத்தால் குமட்டல் கொஞ்சம் அடங்கும். கொட்டகையில் குவித்திருந்த புளியில் ஒரு துண்டைக் கிள்ளி, உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"யக்கா! இங்க வந்து பாரு! உம் மருமவ புளிய உப்பு தொட்டு தின்னுது!" என்றாள் புளி தட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவள்தான் அந்தக் கூட்டத்துக்கே வாய்.

சுத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதிக்காகவே அவர்களைக் கும்பிட்டிருப்பேன், ஆனால் அதற்குள் வாந்தி வந்துவிட்டது. துளசிச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கை வந்து என் நெற்றியைத் தாங்கியது. அத்தை. நிமிர்ந்து பார்த்தேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"எத்தினி நாளா கண்ணு?"

"காலையிலருந்துங்க அத்த. ஒத்தத் தலவலி."

"தலவலியும் வரும், எல்லாம் வரும். நீ போயி படு. ஒரு வேலையும் தொடாத."

அன்று சாயங்காலமே கொல்லையில் இருந்த பப்பாளி மரத்தை வெட்டிவிட்டார். நான் தெரியாத்தனமாகப் பழத்தைத் தின்றுவிடக் கூடாதாம். காய்த்துத் தொங்கிய மரம். எனக்குப் பப்பாளி என்றால் உயிர், வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ஒரே பழமும் அதுதான். இருட்டு அறையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தபடி அரிவாள் விழுகிற சத்தத்தைக் கேட்டேன். எழுந்து போய்த் தடுக்கத் தெம்பில்லை.

என் வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. அவர் வந்து கதவோரம் நின்று, "அம்மா என்னமோ சொல்றாங்களே?" என்றார்.

"தலவலிங்க."

"வெறும் தலவலியா?"

"இதுல வெறும் என்னங்க வெறும்? வந்து பட்டுப் பாருங்க, தெரியும்."

மூன்றாம் நாள் நான் விலக்காகித் தலைக்குக் குளித்தேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் வாய் இருக்கிறது, பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பேசாமல் போய்ப் புளிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சுத்தியை எடுத்துத் தானே தட்ட ஆரம்பித்தார். அவர் எப்போதும் தட்டுகிறவர் இல்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யாரும் கேட்காத சத்தியத்தை நான் மீறிவிட்டது மாதிரி எதற்கு இந்தக் குற்ற உணர்ச்சி?

என் உடம்புக்கு ஒரு கணக்கு இருந்தது. எப்போது வலி வந்தாலும் வராவிட்டாலும், மாதவிலக்குக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம் வரும். தலை வலிக்கும், வாந்தி வரும், அடுத்த ஓரிரு நாளில் விலக்காகிவிடும். ஆக ஒவ்வொரு மாதமும், சரியாக எல்லோரும் 'ஏதாவது விசேஷமா' என்று என் முகத்தைப் பார்க்கிற நேரத்தில், நான் வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அத்தை சிரித்தார். ஒவ்வொரு மாதமும் அந்தச் சிரிப்பு ஓரிரு நாளில் வற்றியது. அவர் புத்தியுள்ள மனுஷி, ஒரு மூட்டைப் புளியைக் கையால் அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இதில் மட்டும் தடவைக்குத் தடவை ஏமாந்தார்.

இதற்கு நடுவில் சஷ்டி விரதம் வேறு. பிள்ளை வேண்டிச் சஷ்டிக்குப் பட்டினி கிடக்கச் சொன்னார். கிடந்தேன். பட்டினி என்றால் என் தலைக்குக் கேட்கவா வேண்டும்? மறுநாள் வலி, வலியோடு வாந்தி. வாந்தியைப் பார்த்த அத்தை, "பாத்தியா, சாமி கண்ணத் தொறந்துடுச்சி" என்றார். விலக்கானதும், "இன்னும் கொஞ்சம் நம்பிக்கையா இரும்மா" என்று அடுத்த சஷ்டிக்கும் பட்டினி போட்டார். இந்தச் செக்கில் நான் எத்தனை மாதம் சுற்றினேனோ! ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"அத்த, இது புள்ள இல்லீங்க! தலவலி! தல, வலி!"

வாசலில் சுத்திகள் நின்றன. அத்தை, "எனுக்கு என்னாம்மா தெரியும், வாந்தி வந்தா சந்தோசமா இருக்குது" என்றார்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் இருந்த டாக்டர் என் வயிற்றை இரண்டு விரலால் தட்டிவிட்டு, எல்லாம் கேஸ்தான் என்றார். சாப்பாட்டுக்கு முன் ஒரு கேப்சூல். புளி தட்டுகிற அக்கா, எப்போதோ தின்ற சோறு குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றாள். வத்தல்மலை அடிவாரத்தில் ஒருவர் எடுத்தார். வயிற்றை நீவி, ஊதி, உறிஞ்சி, கடைசியில் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு துணுக்கைக் காட்டினார். தேங்காய்ச் சில் மாதிரி இருந்தது. நான் தேங்காய் தின்று நாளாகியிருந்தது. அது பித்தலாட்டம் என்று எனக்கு நிச்சயம், ஆனால் அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் எனக்கு வலியே வரவில்லை. இப்போது சொல்லுங்கள், நான் யாரை நம்புவது?

அப்புறம் தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குழாய் தொண்டையில் இறங்கும்போது கண்ணில் நீர் கொட்டியது. லேசாகப் புண் இருக்கிறது, காரம் குறையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றார்கள். களி, கீரை, தயிர் என்று பத்தியம் இருந்தேன். எரிச்சல் குறைந்தது. வலி குறையவில்லை. வயிறு சரியான பிறகும் தலை வலித்தால், அப்போது காரணம் தலைதானே? ஆனால் தலை வலிக்கும்போது மட்டும் ஏன் வயிறு அடைத்துக்கொள்கிறது? என் உடம்பே இரண்டு பங்காளிகள் மாதிரி ஒன்றை ஒன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நடுவயதுப் பெண்மணி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், அதுவே எனக்கு அதிசயம். வலி வரும்போது மூளை வயிற்றின் வேலையையும் நிறுத்திவிடுகிறது என்றார். அதனால்தான் இட்லி இட்லியாகவே வருகிறது, விழுங்குகிற மாத்திரையும் சேராமல் போகிறது. "தலையா வயிறான்னு கேட்டா என்னம்மா சொல்றது, ரெண்டும் ஒரே நோய்தான்" என்றார். இத்தனை வருஷம் நான் விசாரித்த வழக்கில் ரெண்டு பேருமே குற்றவாளி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஒரு மாத்திரை தருவார். வலி வராமல் தடுக்கும், ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது.

"இதைச் சாப்பிடற வரைக்கும் குழந்தை உண்டாகக் கூடாது. குழந்தை வேணும்னு நினைச்சா முன்னாடியே வந்து சொல்லுங்க, நிறுத்திட்டு அப்புறம் பாக்கலாம். யோசிச்சிட்டுச் சொல்றீங்களா?"

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் வளைவுகளில் எனக்குக் குமட்டியது. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நான் எடுத்து முடித்து வாய் கொப்பளிக்கும்வரை தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிகள் உறுமிக்கொண்டு போயின. வீட்டில் அத்தை அடுத்த சஷ்டிக்குக் காத்திருந்தார்.

"என்னங்க பண்றது?" என்றேன்.

"மாத்திரைய சாப்புடு."

"அத்த?"

"புள்ளைக்கு இன்னும் நாள் இருக்குது. நீ மொதல்ல எழுந்து உக்காரு. அம்மாகிட்ட இப்பத்திக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவர் மேல் எனக்கு உண்டான பிரியத்தைச் சொல்லி மாளாது. வாய் நாறிக்கொண்டு நின்றதால் அங்கேயே சொல்லவும் முடியவில்லை.

மாத்திரையைக் கடையில் என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அது ஒரு விசித்திரமான மாத்திரை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும். சாப்பாடு வேண்டியிருக்காது. வார்த்தைகள் தொலைந்துபோகும். ஒரு விவசாயி வந்து ஏதோ கேட்கிறார், எனக்கு அது என்ன என்று தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை. "அதாங்க, அந்த வெள்ளையா, குருணையா..." என்று நான் திணற, அவரே "யூரியாவா பாப்பா?" என்று எடுத்துக்கொடுத்தார். ஆனால் வலி குறைந்தது. ஒரு மாதம் வந்தது, ஒரு மாதம் லேசாக வந்து வாந்தி இல்லாமலே போய்விட்டது. இத்தனை நாளாக இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனது மாதிரி தலைக்குள் விசாலமாக இருந்தது. நான் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

அத்தை வாடிப் போனார். எனக்கு வாந்தி நின்றுபோனது அவருக்கு இடியாக இருந்தது. "முன்னயெல்லாம் வாந்தியாவது வந்துச்சி, இப்ப அதுவும் இல்ல" என்று அந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். நான் நன்றாக இருப்பதைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவர் அழுகிறார். கோபப்படுவதா, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பேரப்பிள்ளை, எனக்கு வேண்டியதும் ஒரு பிள்ளைதான். மாத்திரையை வாயில் போடும் ஒவ்வொரு தடவையும் இன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்று யாருக்கோ சொல்வது போல் இருந்தது.

டாக்டர் சொன்ன காலம் முடிந்ததும் சேலம் போய், குழந்தை வேண்டும் என்றோம். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார். வலி திரும்பி வரலாம் என்றார். வந்தது. வட்டியும் முதலுமாக வந்தது. துளசிச் செடிக்குப் பக்கத்தில் குனிந்தேன், அத்தை ஓடி வந்து நெற்றியைத் தாங்கினார். முகத்தில் பழைய சிரிப்பு. ஓரிரு நாளில் விலக்கானேன். எல்லாம் பழையபடி ஆனது.

அப்படியே சில மாதம் போயின. பிறகு ஒரு மாதம் வலி வரவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடையில் கொட்டாவி வந்தால் இதோ வருகிறது என்று எழுந்து நிற்பேன், அது சும்மா மதியத் தூக்கமாக இருக்கும். பசித்தது. இரண்டு உருண்டை களி தின்றேன், கீரைக் குழம்போடு, ஏப்பம்கூட வரவில்லை. வயிற்றுப்புண் ஆறிவிட்டதோ? சேலத்து மாத்திரையின் வேகம் இன்னும் மிச்சம் இருக்கிறதோ? தொக்கம் எடுத்தவருக்குத்தான் கடைசியில் வெற்றியோ? என்னென்னவோ யோசித்தேன், யோசிக்க வேண்டியதை மட்டும் யோசிக்கவில்லை. என் நாட்களை நான் காலண்டரில் பார்த்ததில்லை. வலி வந்தால்தான் விலக்காகும், வலி வரவில்லை, ஆகவே நாளும் வரவில்லை என்று இருந்துவிட்டேன். படித்தவள், பில் போடுகிறவள், என் லட்சணம் இது!

என் அம்மா போனில் எதற்கோ என் நாள் எப்போது என்று கேட்டபோதுதான் பொறி தட்டியது. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டை வாங்கிவந்து பார்த்தேன். இரண்டு கோடு. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வாந்தி எடுத்த மாதமெல்லாம் இல்லாதது, வாந்தியே இல்லாத மாதத்தில் இருக்கிறது.

அத்தை நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை!

"வாந்தி இல்லாம எப்படிம்மா? மசக்கையே காணோமே. களி அந்தத் தின்னு தின்னுற?"

"ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க அத்த. துடிப்பு தெரியுதுன்னாங்க."

"நான் பாக்கலியே" என்றார்.

அவரை ஸ்கேன் அறைக்குள் விடவில்லை, அந்த வருத்தம் வேறு. எத்தனையோ தடவை பொய்யாக சந்தோஷப்பட்டவர் உண்மையான ஒன்றைத் தொடப் பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லதாக ஆக்கிப்போட்டார், எதையும் தூக்க விடவில்லை, ஆனால் அவ்வப்போது என் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நாலாம் மாதம். மறுபடியும் புளிக் காலம், கொட்டகை நிறையப் பெண்கள். காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொட்டாவி வந்தது. இன்னொன்று வந்தது. தலை வாரிவிட்டுத் திரும்பினால், காபியோடு நின்ற அத்தைக்குப் பாதி முகம் இல்லை.

வலி பொட்டில் ஏறியது. வாசலுக்கு ஓடினேன். இட்லி அப்படியே வந்தது. நெற்றியைத் தாங்க அந்தக் கை வந்தது.

"ஆரம்பிச்சிடுச்சி!" என்று கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார் அத்தை. "எம் மருமவளுக்கு மசக்க ஆரம்பிச்சிடுச்சி!" அக்கா குலவை போடாத குறை. ஆளாளுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். வலியால் இல்லை. என் உடம்பின் கணக்கு எனக்குத் தெரியும். வலி வரும், வாந்தி வரும், அடுத்த ஓரிரு நாளில் விலக்காகும். ஒரு மாதம்கூட அது தவறியதில்லை.

"போச்சிங்க அத்த. எல்லாம் போச்சி."

"என்னாம்மா போச்சி? நல்லதுதான வந்துருக்குது?"

"தலவலி வந்துட்டா அது வந்துடுங்க. எப்பவும் அப்படித்தான வந்துச்சி. நீங்களே பாத்தீங்களே. ஒவ்வொரு மாசமும் நான் வாந்தி எடுப்பேன், நீங்க சிரிப்பீங்க, அப்புறம்..."

எனக்குத் தெரிந்த பாதி முகத்தில் சிரிப்பு மறைந்தது. அவர் ஒவ்வொரு மாதத்தையும் நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. அவர் நல்ல செய்தி என்று தாங்கிப் பிடித்தது, ஒவ்வொரு தடவையும், அது இல்லை என்கிற செய்தியைத்தான்.

"தட்டறத நிறுத்துங்கடி!" என்று கத்தினார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "டேய், வண்டிய எடுடா! வண்டிய எடு!"

டாடா ஏஸில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பின்னால் காலி தக்காளி கிரேடுகள் தடதடவென்று ஆடின. ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் மண்டை பிளந்தது. அத்தை என் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தியிருந்தார், வெளிச்சம் படாமல் இருக்க. புளி வாசனை அடித்தது. "முருகா, முருகா" என்று முனகிக்கொண்டே வந்தார். நடுவில், "இனிமே சிரிக்க மாட்டன்டா சாமி" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை இன்னும் கூடியது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். கதவை முழுசாகச் சாத்தவில்லை, திரையை மட்டும் இழுத்துவிட்டார்கள். மானிட்டர் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. டாக்டரம்மா வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவி, கருவியை வைத்து அழுத்தினார். மானிட்டரை உற்றுப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பிறகு சத்தம் வந்தது. கடகடவென்று, குதிரை ஓட்டம் மாதிரி, அறை நிறைய.

"நல்லா இருக்குதும்மா. துடிப்பு நல்லா இருக்குது."

"தலவலி வந்துடுச்சிங்க மேடம்."

"வரட்டும். வலி தனி, இது தனி. இந்த நேரத்துல சாப்பிடக்கூடிய மாத்திரை தரேன்."

அவர் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. வலித்தால் இல்லை என்றுதான் அர்த்தம். வலிக்கிறது. ஆனால் இருக்கிறது. வலது பொட்டில் ஒன்று அடிக்கிறது, ஸ்பீக்கரில் ஒன்று அடிக்கிறது, எது யாருடையது என்றே தெரியவில்லை. நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த டாக்டரம்மா, பாவம், என் மேல் இரக்கப்பட்டு ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினார்.

"சத்தத்தக் குறைச்சிடறேம்மா."

"ஐயோ, வேணாங்க மேடம்! இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வையுங்க. வெளியில எங்க அத்த நிக்கிறாங்க, அவங்களுக்குக் கேக்கணும்."

சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த பேசினை இழுத்து இன்னொரு தடவை வாந்தி எடுத்தேன்.